160 பேர் படித்தார்கள், 4 பேர் பேசினார்கள்

போன ஜூலையில் ஒரு காலை. மும்பை செம்பூரில் ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை விட்டபாடில்லை. எங்கள் பகுதித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன்: "குர்லா தாண்டி ரயில் ஓடுதா?" பத்து நிமிஷம் கழித்து அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். படித்தவர்கள் 160 பேருக்கு மேல். பதில் போட்டவர்கள் 4 பேர். அதில் ஒருவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற மாமா, அவர் எதற்கும் பதில் சொல்வார். இன்னொருவர் கும்பிடும் கையை மட்டும் போட்டிருந்தார்.

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இது எங்கள் குழுவுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. இணையக் குழுக்களை அலசிய ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு தோராயக் கணக்கு சொன்னார்: 100 பேரில் 90 பேர் பார்ப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், பெரும்பகுதியை எழுதித் தள்ளுவது மிச்சமுள்ள ஒருவர். இடத்துக்கு இடம் இது மாறும். பிளேர் நானெக், ஜென்னி பிரீஸ் இருவரும் மின்னஞ்சல் குழுக்களை ஆராய்ந்து 2000இல் வெளியிட்டதில், மென்பொருள் உதவிக் குழுக்களில் எழுதாதவர்கள் 82 சதவீதம், நோயாளிகளின் குழுக்களில் சுமார் 46 சதவீதம்தான். ஆக, வாய் திறக்காதவர் என்று தனியாக ஒரு ஜாதி இல்லை. செம்பூர் குழுவில் லொடலொடவென்று பேசும் நான், எங்கள் குடும்பக் குழுவில் ஒரு வருஷமாக வாயே திறக்கவில்லை.

சரி, ஆளை ஊமையாக்குவது எது? முதலில், தலைகளின் எண்ணிக்கை. 1968இல் ஜான் டார்லி, பிப் லதானே என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயார்க்கில் மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து மைக் வழியாகப் பேசவிட்டார்கள். யார் முகமும் யாருக்கும் தெரியாது. கிட்டத்தட்ட இன்றைய வாட்ஸ்அப் குழுதான். நடுவில் ஒரு குரல் வலிப்பு வந்ததுபோல் திணறும் (அது ஒலிநாடாவில் பதிவு செய்தது). கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்கும் முன்பே எழுந்து போய் ஆய்வு நடத்தியவரிடம் சொன்னார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான். ஈரமில்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது, பலர் கை நடுங்க உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பு ஐந்து பங்காகிவிட்டது, அவ்வளவுதான். 160 பங்கானால் என்ன மிஞ்சும்?

இது பாதிக் கதைதான். மாமா பதில் சொன்ன பிறகு மற்றவர்கள் என்ன சொல்ல வேண்டும்? 160 பேரும் "ஆமா, தண்ணி நிக்குது" என்று போட்டால் அவர் சொன்னது எங்கோ மேலே புதைந்துவிடும். சோறு என்றால் பகிரப் பகிரக் குறையும். தகவல் அப்படிக் குறையாது, ஒருவர் சொன்னால் எல்லோருக்கும் போதும். ஏன் எழுதுவதில்லை என்று பிரீஸ் குழுவினர் பிறகு நடத்திய கணக்கெடுப்பில், பாதிக்கு மேற்பட்டவர்கள் படிப்பதே போதும் என்றார்கள். சும்மா இருப்பதே குழுவுக்குச் செய்யும் உதவி என்று நினைத்தவர்களும் உண்டு!

அப்புறம், பழகும் காலம் என்று ஒன்று இருக்கிறது. தாராவியில் தையல் கற்க வரும் பையன் கையில் யாரும் முதல் நாளே கத்திரிக்கோலைக் கொடுப்பதில்லை. காஜா, பட்டன், இஸ்திரி, கூடவே மாஸ்டர் வெட்டுவதை ஓரக்கண்ணால் பார்ப்பது. லைபீரியாவின் தையற்காரர்களிடம் மானுடவியலாளர் ஜீன் லேவ் பார்த்ததும் இதே வரிசையைத்தான். ஓரத்தில் நின்று பார்ப்பதும் கற்பதில் சேர்ந்ததே என்று அவரும் எட்டியென் வெங்கரும் 1991இல் எழுதினார்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்தவரும் இங்கே எதைக் கேட்கலாம், யாரைச் சீண்டக் கூடாது என்று அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகஸ்டில் மறுபடி அதே மழை. இந்த முறை கேள்வியை மாற்றினேன்: "இப்ப குர்லாவில் ஹார்பர் லைன் பிளாட்பாரத்தில் நிக்கிறவங்க யாராவது சொல்லுங்க."

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மூன்று வருஷமாகக் குழுவில் இருந்தும் ஒரு எழுத்துகூடப் போடாத பெண் ஒருவரிடமிருந்து தண்டவாளம் முங்கிய படம் வந்தது. கீழே: "நான் நிக்கிறேன் அண்ணா. வண்டி எதுவும் வரல. கிளம்பாதீங்க."

மாமா கட்டைவிரலை உயர்த்தினார்.