முன்குறித்தலைத் தலைவிதி ஆக்கியவர்கள்

கன்வென்ஷன் கூட்டம். மேடையில் வெளியூர்ப் பிரசங்கியார் ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் நின்று ஒரு தம்பி சுடச்சுடத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். எபேசியர் முதல் அதிகாரம். பிரசங்கியார் 'பிரிடெஸ்டின்ட்' என்றார். தம்பி ஒரு கணம் தடுமாறிவிட்டு, "தேவன் உங்கள் தலைவிதியை முன்னாலேயே எழுதிவிட்டார்" என்றார். எனக்கு முன்வரிசையில் இருந்த பாட்டி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "அதைத்தானே எங்கம்மாவும் சொல்லும், தலையில எழுதுனதை அழிக்க முடியுமான்னு."

பாட்டிமேல் குற்றமில்லை. அவர் கேட்டதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், தம்பியின் கையில் விரித்திருந்த வேதாகமத்தில், அந்த வசனத்திலேயே, நூற்றைம்பது வருடமாக ஒரு நல்ல சொல் உட்கார்ந்திருக்கிறது: 'முன்குறித்திருக்கிறார்'. குனிந்து வாசித்திருந்தால் போதும். மனிதரின் இரட்சிப்பைத் தேவன் முன்னமே தீர்மானித்தார் என்ற போதனைக்குத்தான் முன்குறித்தல் என்று பெயர்.

இதை ஒரு தடவை கேட்டிருந்தால் விட்டிருப்பேன். யூடியூப் வசனவரிகளில் 'விதி', கட்டுரைகளில் 'விதிக்கொள்கை', கொஞ்சம் தமிழ்ப்பற்று உள்ளவர்கள் எழுதினால் 'ஊழ்க்கோட்பாடு', விவாதக் கூட்டங்களில், சீர்திருத்தவாதி கால்வினின் வழிவந்தவர்களைக் குறித்து 'கால்வினியர்கள் விதிவாதிகள்' என்று எங்கு திரும்பினாலும் இதுவே காதில் விழுகிறது. ஆகவே எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பவுல் எழுதிய கிரேக்கச் சொல் 'ப்ரோஒரிட்சோ'. 'ப்ரோ' என்றால் முன். 'ஒரிட்சோ' என்றால் எல்லை குறித்தல். 'ஒரொஸ்' என்ற எல்லையிலிருந்து வந்தது. தொடுவானத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹொரைசன்' என்கிறார்களே, அதுவும் இந்த வேரில் முளைத்ததுதான். புதிய ஏற்பாடு முழுக்கத் தேடினாலும் இந்த வினை ஆறே இடங்களில்தான் வருகிறது. லத்தீனில் அது 'ப்ரேதெஸ்தினாரே' ஆயிற்று, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போயிற்று. அவ்வளவுதான்.

தமிழில் 'குறித்தல்' இதற்கு எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். வீடு கட்டும் மனையில் கொத்தனார் நூல் பிடித்து, சுண்ணாம்புப் பொடி தூவி, இங்கே அறை, இங்கே வாசல் என்று குறிக்கிறார். அப்போது ஒரு செங்கல்கூட வைத்திருக்கமாட்டார்கள். ஆனால் என்ன வரப்போகிறது என்று அந்த வெள்ளைக்கோடு சொல்லிவிடும். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறோம். அம்புக்குக் குறி வைக்கிறோம். எல்லாவற்றிலும் குறிக்கிற ஒருவர் இருக்கிறார், எதற்காகக் குறிக்கிறார் என்பதும் இருக்கிறது. பவுலும் வெறுமனே 'முன்குறித்தார்' என்று நிறுத்துவதில்லை. ரோமர் 8இல் குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாக, எபேசியர் 1இல் சுவிகாரபுத்திரராகும்படி, அதாவது தத்துப்பிள்ளைகளாகும்படி, என்று எதற்காக என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

'குறி சொல்லுதல்' நினைவுக்கு வராதா என்று ஒரு நண்பர் கேட்டார். குறி சொல்பவர் ஏற்கெனவே இருக்கும் குறியைப் படிக்கிறார், குறிப்பதில்லை. அது வேறு வேலை.

சரி, 'விதி'யில் என்ன கோளாறு? நியாயமாகப் பேசினால், வினையாக வரும்போது ஒன்றுமில்லை. வரி விதிக்கிறார்கள், அபராதம் விதிக்கிறார்கள், நீதிபதி தண்டனை விதிக்கிறார். விதிக்கிறவர் கண்முன் நிற்கிறார். யாராவது 'முன்விதித்தல்' என்று எழுதினால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் பெயர்ச்சொல்லாகி 'விதி' என்று தனியே நின்றவுடன் விதித்தவர் காணாமல் போய்விடுகிறார். பஸ் கவிழ்ந்தால் விதி, பரீட்சையில் தோற்றால் விதி. யார் விதித்தது என்று எவரும் கேட்பதில்லை. அதன்முன் தலையையும் ஒட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்துபோகத்தான் அந்தச் சொல்.

கால்வினே இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் எழுதியிருக்கிறார். 1559இல் வந்த அவருடைய இன்ஸ்டிட்யூட்ஸ் நூலின் கடைசிப் பதிப்பில், முதல் புத்தகம் 16ஆம் அதிகாரத்தில், ஸ்டோயிக்குகள் என்ற பழைய கிரேக்கத் தத்துவவாதிகளின் விதிக்கொள்கையை எங்கள்மேல் சுமத்துகிறார்கள், ஆதிச் சபையின் ஆசிரியர் அகஸ்டினுக்கும் இதே பழிதான் வந்தது என்கிறார். விதி என்பது இயற்கைக்குள் பின்னிக்கிடக்கும் காரணச் சங்கிலி, நான் சொல்வது ஆளுகிற ஒருவரின் சித்தம் என்று பிரித்துக்காட்டுகிறார். அந்தப் பிரிவினை உங்களுக்குச் செல்லாததாகத் தோன்றலாம், தாராளமாக வாதாடுங்கள். ஆனால் மனிதர் மறுத்த சொல்லையே அவர் கொள்கைக்குப் பெயராகச் சூட்டுவது மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை.

ஊழுக்கு வருவோம். என்னை அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான், ஏனென்றால் இது தமிழ்ப்பற்றின் பெயரால் வருகிறது. 'முன்குறித்தல் பாதிரித் தமிழ், ஊழ்தான் நம் சொல்' என்கிறார்கள். குறி எந்த ஊர்ச் சொல்லாம்? முன்னும் தமிழ், குறித்தலும் தமிழ். பாதிரிமார் வடமொழியை அள்ளித் தெளித்த இடங்கள் வேதாகமத்தில் ஆயிரம் உண்டு. சுவிகாரபுத்திரர் என்பதைப் பிடித்து உலுக்குங்கள், நானும் வருகிறேன். அவர்கள் சுத்தத் தமிழில் ஆக்கிய அபூர்வமான ஒரு கலைச்சொல்லைத் தூக்கி எறிவானேன்?

ஊழ் அருமையான சொல். முதிர்தல், மலர்தல், முறை என்று அதன் வேர் அழகானது. திருக்குறளில் ஒரு முழு அதிகாரமே அதற்கு இருக்கிறது. 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' என்று இன்னோர் இடத்தில் அதை முதுகு காட்ட வைக்கவும் செய்கிறார் வள்ளுவர். ஆனால் நம் மரபில் ஊழ் வினையோடு கட்டுண்டது. செய்தவினை முதிர்ந்து செய்தவனைத் தேடி வருவது ஊழ்வினை. கோவலன் வெட்டுண்டதற்கு இளங்கோ காட்டும் காரணம் அதுதான்.

இப்போது ரோமர் 9:11ஐ எடுங்கள். ஏசாவும் யாக்கோபும், ஈசாக்கின் இரட்டைப் பிள்ளைகள். 'பிள்ளைகள் இன்னும் பிறவாமலும், நல்வினை தீவினை ஒன்றும் செய்யாமலுமிருக்கையில்' என்று போகிறது பழைய மொழிபெயர்ப்பு. நல்வினை, தீவினை! தமிழ் வாசகன் தலைக்குள் எந்தக் கதவு திறக்கும் என்று தெரிந்தே அந்தச் சொற்களைப் போட்டார்களோ என்று நான் ஒவ்வொரு தடவையும் வியப்பதுண்டு. தெரிவு செய்யப்பட்டது வினையால் அல்ல என்பதுதான் அந்த அதிகாரத்தின் உயிர்நாடி. கால்வினியர் இதை உயர்த்திப் பிடிக்கிறார்கள். மற்றவர்கள் இது தனி மனிதரைப் பற்றியதா, இனங்களைப் பற்றியதா என்று கேட்கிறார்கள். வினையால் அல்ல என்பதில் இருவருக்கும் சச்சரவில்லை. அதற்குப் போய் 'ஊழ்' என்று பெயர் வைத்தால், அரிசி மூட்டையின்மேல் உப்பு என்று எழுதிவைத்த கதைதான்.

இந்தச் சொல்லில் கை வைக்கும்போது கவனம் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம், இதற்காகச் சிந்திய மையும் ரத்தமும் கொஞ்சமல்ல. 1551இல் ஜெனீவாவில் போல்செக் என்பவர் கால்வினின் போதனை தேவனையே பாவத்துக்குக் காரணராக்குகிறது என்று சபையில் எழுந்து சொன்னார். சிறை, பிறகு நாடுகடத்தல். 1603இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்த ஆர்மீனியுஸ் சக பேராசிரியர் கொமாருஸோடு மோதினார். ஆர்மீனியுஸ் 1609இல் இறந்துபோக, மறு வருடம் அவர் பக்கத்தார் ஐந்து பிரிவாக ஒரு முறையீடு எழுதினார்கள். அதற்கு 1618–19இல் கூடிய டார்ட் என்ற திருச்சபை மாமன்றம் பதில் கொடுத்தது. பலர் நினைப்பதுபோல் கால்வினியர் முதலில் ஐந்து அம்சத்தை வகுக்கவில்லை. எதிர்த்தரப்பு ஐந்து எழுதியதால் பதிலும் ஐந்தானது. அரசியலும் கலந்துகொண்டது. ஆர்மீனியுஸ் பக்கத்தாருக்கு ஆதரவாக இருந்த முதுபெரும் அரசியல்வாதி ஓல்டன்பார்னவெல்ட்டின் தலை 1619 மே மாதத்தில் வெட்டப்பட்டது. அதே பக்கம் நின்ற சட்டமேதை குரோஷியஸுக்கு ஆயுள் சிறை. 1621இல் மனைவியின் யோசனைப்படி புத்தகப் பெட்டிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு கோட்டையிலிருந்து தப்பினார். பெட்டியைத் தூக்கிப்போன காவலர்களுக்கு அன்று புத்தகம் கொஞ்சம் கனமாகத்தான் இருந்திருக்கும்.

நூறு வருடம் கழித்து இங்கிலாந்தில், மெதடிஸ்ட் எழுப்புதலின் பிரசங்கியார்களான வெஸ்லியும் விட்ஃபீல்டும். 1739இல் வெஸ்லி முன்குறித்தலை எதிர்த்துப் பிரசங்கம் செய்து அச்சிட்டார். 1740 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தேதியிட்டு ஜார்ஜியாவிலிருந்து விட்ஃபீல்ட் மறுப்பு எழுதினார். நண்பர்கள் பிரிந்தார்கள், பிறகு ஓரளவு சேர்ந்தார்கள். 1770இல் விட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

கவனித்தீர்களா, ஆர்மீனியுஸும் முன்குறித்தல் இல்லை என்று சொல்லவில்லை. பவுல் எழுதியிருக்கும்போது எப்படிச் சொல்வது? யார் விசுவாசிப்பார் என்று தேவன் முன்னறிந்து, அதன்படி முன்குறித்தார் என்றார். கால்வின் பக்கத்தார், அந்த விசுவாசமே முன்குறித்ததால் வந்த ஈவு என்றார்கள். வழக்கு 'எதன் அடிப்படையில்' என்பதில்தான். சொல் இருவருக்கும் பொது. அந்தப் பொதுச்சொல்லை 'விதி' என்று பெயர்க்கிறவர், வழக்கு தொடங்குமுன்னே தீர்ப்பை எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார்.

கால்வினியருக்குள்ளும் சொல்லில் நுணுக்கம் உண்டு. 1640களில் இங்கிலாந்தில் எழுந்த, கால்வினியர் ஏற்கும் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் மூன்றாம் அதிகாரம் ஜீவனுக்கு ஒரு வினையையும் மரணத்துக்கு வேறொரு வினையையும் ஆள்கிறது. அதை ஒருவர் தமிழாக்கி எனக்குப் படிக்கக் கொடுத்தார்; இரண்டுக்கும் ஒரே 'விதிக்கப்பட்டனர்'. ஏன் என்று கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்றார். ஒன்றென்றால் மூலத்தில் ஏன் இரண்டு போடுகிறார்கள்? ஜீவனுக்கு முன்குறிக்கப்பட்டனர், மரணத்துக்கு முன்னியமிக்கப்பட்டனர் என்றாவது வேறுபடுத்தலாம்.

இந்த விஷயத்தில் ஆங்கிலக்காரரும் யோக்கியமில்லை. கால்வின் தன் கொள்கையைப் பற்றி லத்தீனில் 'தெக்ரேத்தும் ஹொரிபிலே' என்று ஒப்புக்கொண்ட இடம் உண்டு. நினைத்தாலே நடுங்கவைக்கும் தீர்மானம் என்பது பொருள். அதை ஆங்கிலத்தின் 'ஹாரிபிள்' ஆக்கி, 'கொடூரமான தீர்மானம் என்று அவரே சொல்லிவிட்டார் பாருங்கள்' என்று இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். ஓசை ஒன்றானால் பொருளும் ஒன்றாகிவிடுமா?

நம் பழைய மொழிபெயர்ப்பில் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. முன்குறித்தலின் தோழியான இன்னொரு சொல் இன்று நிஜமாகவே பழுதாகிக் கிடக்கிறது: 'தெரிந்துகொள்ளுதல்'. அந்தக் காலத்தில் அதற்குத் தேர்ந்தெடுத்தல் என்று பொருள். தெரிவு என்பதில் இன்னும் அது மிச்சமிருக்கிறது. இன்றைக்குத் தெரிந்துகொள்வது என்றால் அறிந்துகொள்வது. ஞாயிறு பள்ளியில் ஒரு பையனிடம் யோவான் 15:16ஐ வாசிக்கச் சொன்னேன். 'நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்.' அர்த்தம் என்னடா என்றால், "நமக்கு இயேசப்பாவைத் தெரியாது, அவருக்கு நம்மளைத் தெரியும், சார்" என்றான். அடுத்து ரோமர் நிருபம் எடுத்தபோது, தேவன் எல்லாவற்றையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டவர் என்று அவனே விளக்கம் வேறு கொடுத்தான். ஆர்மீனியுஸ் பக்கம் பேசப் பையனுக்கு ஒரு வாதமும் தேவைப்படவில்லை, பழந்தமிழே போதுமாயிற்று! இங்கே 'தேர்ந்தெடுத்தல்' என்று மாற்றத்தான் வேண்டும். மாற்றவேண்டியதை விட்டுவிட்டு, நன்றாக இருப்பதை மாற்றுகிறோம். 'தேர்தல்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். கணினி மொழிபெயர்ப்பில் 'தேவனுடைய நித்திய தேர்தல்' என்று ஒன்றைப் பார்த்தேன், வாக்குச்சாவடிதான் நினைவுக்கு வந்தது.

கூட்டம் முடிந்து அந்தத் தம்பியிடம் மெதுவாகப் பேசினேன். கோபப்படவில்லை, நல்ல பிள்ளை. "ஐயா, முன்குறித்தல்னா யாருக்குப் புரியும்? தலைவிதின்னா உடனே புரியுது" என்றார். உடனே புரிந்தது என்னவோ உண்மை, பாட்டிக்குப் புரிந்ததை நான்தான் கேட்டேனே. அதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறது புரியாதவர் அந்தப் பந்தலில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அப்போ, 'தம்முடைய பிள்ளைகளாகும்படி நம்மை முன்னமே குறித்துவைத்தார்'னு சொல்லலாமாய்யா?" என்றார்.

சொல்லலாம். மறுநாள் கூட்டத்தில் கலாத்தியர் எடுத்துவிட்டார்கள்.