கடையில் வேலை பார்ப்பவருக்கு உட்காரும் உரிமை: சட்டம் சொல்வது என்ன?

ஜவுளிக்கடையில் நாம் புடவை பார்க்கும்போது நமக்கு ஸ்டூல் போடுவார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் விரித்துக் காட்டும் பெண்ணோ காலையில் கடை திறந்ததிலிருந்து நின்றபடியே இருப்பார். ஆள் வராத மத்தியான நேரத்தில்கூட உட்கார விடாத கடைகள் உண்டு. அவருக்காக வந்ததுதான் இந்தச் சட்டத் திருத்தம்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டுச் சட்டம். அதில் 22-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்க்கும் மசோதா 2021 செப்டம்பரில் சட்டமன்றத்துக்கு வந்து நிறைவேறியது. பிரிவு சொல்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நாள் முழுக்க நின்றே இருக்கும் நிலை கூடாது என்பதுதான் நோக்கம்.

கேரளம் நம்மை முந்திக்கொண்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் பல ஆண்டுகள் போராடி, 2018லேயே அங்கே சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். இன்னொன்றும் உண்டு. நின்று வேலை செய்யும் ஆலைத் தொழிலாளிக்கு இருக்கை தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே 44ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. கடை ஊழியர்களுக்கு அந்த விதி வர எழுபது வருஷம்!

சின்னக் கடை வைத்திருப்பவர்கள் கேட்பது, “நாலு பேர் நிற்கவே இடமில்லை, எங்கே நாற்காலி போடுவது?” நியாயமான கேள்விதான். ஆனால் ஆளுக்கொரு நாற்காலி என்று சட்டம் சொல்லவில்லை; எப்படிப்பட்ட இருக்கை என்றும் சொல்லவில்லை. கவுண்டருக்கு அடியில் தள்ளிவைக்கிற ஸ்டூல், சுவரோரம் ஒரு நீள பெஞ்ச், எதுவானாலும் சரி. எல்லாரும் உட்கார வழி இருந்தால் போதும். மாடியில் குடோனில் நாற்காலி போட்டுவிட்டுக் கணக்குக் காட்டுவது மட்டும், என் பார்வையில், ஏமாற்று வேலை. வேலைக்கு நடுவே உட்கார முடிய வேண்டுமானால் இருக்கை வேலை செய்யும் இடத்தில்தானே இருக்க வேண்டும்?

உண்மையான சிக்கல் ஸ்டூலில் இல்லை. ஸ்டூல் இருக்கும், உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைப்பார். கேமராவில் முதலாளி பார்ப்பார். வாடிக்கையாளர் வந்தால் எழுந்து கவனிக்கச் சொல்வதில் தவறில்லை. யாருமே இல்லாதபோது உட்கார்ந்ததற்குத் திட்டுவதும் சம்பளம் பிடிப்பதும்தான் இந்தப் பிரிவின் நோக்கத்துக்கே விரோதம்.

அப்புறம், இந்த உரிமையும் சாப்பாட்டு இடைவேளையும் வேறு வேறு. இடைவேளை கொடுத்துவிட்டோம், இருக்கை வேண்டாம் என்று முதலாளி சொல்ல முடியாது.

புகார் சொல்ல உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போகலாம். 1100 என்ற முதல்வரின் உதவி மையத்திலும் பதியலாம். தனியாகப் போனால் வேலை போய்விடும் என்று பயமா? நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள், அல்லது தொழிற்சங்கம் மூலமாக எழுதுங்கள். கடையின் பெயர், முகவரி, எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நிற்கிறீர்கள் என்பதை மனுவில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.