ஆளில்லாக் கப்பல்களுக்குப் பன்னாட்டுக் கடல்சட்டம் இடம் தருகிறதா?

மாலுமிகள் இல்லாமல் கப்பல் ஓடக் கூடாது என்று எந்தப் பன்னாட்டு உடன்படிக்கையும் வெளிப்படையாகத் தடை விதிக்கவில்லை. ஆயினும் 1972ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகள், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 1974ஆம் ஆண்டின் சோலாஸ் உடன்படிக்கை, 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கை ஆகிய மூன்றும், கப்பலில் ஆட்கள் இருப்பார்கள் என்பதைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை.

ஒவ்வொரு கப்பலும் தகுதி பெற்ற கேப்டன், அதிகாரிகள் ஆகியோரின் பொறுப்பில் இருப்பதை, அக்கப்பலைப் பதிவு செய்துள்ள கொடி நாடு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது ஐ.நா. உடன்படிக்கையின் 94ஆவது பிரிவு. கேப்டன் கப்பலுக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்ற சொற்கள் அதில் இல்லாததால், கரையிலிருந்து பொறுப்பு வகிப்பவரையும் கேப்டனாகக் கொள்ள முடியும் என்று வாதிட இடமுண்டு. சோலாஸ் உடன்படிக்கையும் பாதுகாப்புக்குப் போதுமான ஆட்கள் வேண்டும் என்று சொல்கிறதே தவிர, அந்த எண்ணிக்கையைக் கொடி நாட்டிடமே விட்டுவிடுகிறது. அது பூஜ்யமாகவும் இருக்கலாமா என்பதில் சட்ட அறிஞர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. மோதல் தவிர்ப்பு விதிகளில் 5ஆவது விதி, கண்ணாலும் காதாலும் இடைவிடாத கண்காணிப்பு வேண்டும் என்கிறது. கேமராவும் ஒலிவாங்கியும் அந்தக் கண்ணுக்கும் காதுக்கும் ஈடாகுமா என்ற கேள்வியே அதிகம் பேசப்படுகிறது என்றாலும், மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ் குறித்த 1978ஆம் ஆண்டு உடன்படிக்கையில் உள்ள இடைவெளிதான் இதைவிடப் பெரியது. அந்த உடன்படிக்கை கப்பலில் பணிபுரிவோருக்கு மட்டுமே பொருந்துவதால், கரையில் அமர்ந்து கப்பலை இயக்குபவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

இவற்றில் தன் பொறுப்பில் உள்ள உடன்படிக்கைகளை ஆராய 2017இல் தீர்மானித்த ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, தானியங்கி உதவியுடன் மாலுமிகளே இயக்கும் கப்பல் முதல் முற்றிலும் தானே முடிவெடுக்கும் கப்பல் வரை நான்கு நிலைகளை வகுத்துக்கொண்டு, 2021இல் பாதுகாப்பு உடன்படிக்கைகள் மீதான ஆய்வை முடித்தது. அதன் தொடர்ச்சியாக உருவான வரைவு விதித்தொகுப்பு சரக்குக் கப்பல்களை மனத்தில் கொண்டது. கப்பல் எந்த நிலையில் இயங்கினாலும் அதற்குப் பொறுப்பான கேப்டன் ஒரு மனிதராகவே இருக்க வேண்டும். அவர் கப்பலில் இல்லாமல் இருக்கலாம், ஆனால் தேவைப்படும்போது குறுக்கிட அவருக்கு வழி இருந்தாக வேண்டும். இதுவே அந்தத் தொகுப்புக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்ட நிலைப்பாடு. விபத்து நேர்ந்தால் மென்பொருளைக் கைகாட்டிவிட்டு ஒதுங்க இது இடம் தராது என்பதால், சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். அமைப்பு 2024இன் இறுதியில் திருத்திய கால அட்டவணைப்படி, கட்டாயமல்லாத தொகுப்பை 2026 மே மாதத்தில் ஏற்பதும், கட்டாய விதிகளை 2030 ஜூலைக்குள் ஏற்று 2032 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்துவதும் இலக்குகள்.

கடலில் தத்தளிப்போரைக் காப்பாற்றும் கடமை இவ்வளவு எளிதில் தீராது. ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின் 98ஆவது பிரிவின்படி, கொடி நாடு அதைக் கேப்டன் மீது சுமத்த வேண்டும்; தன் கப்பலுக்கோ அதில் உள்ளோருக்கோ பெரும் ஆபத்து நேராத அளவில் அவர் உதவ வேண்டும். ஆளில்லாக் கப்பல் அபாயச் செய்தியை மீட்பு மையத்துக்கு அனுப்பலாம், அருகில் நிற்கலாம். நீரில் கிடப்பவரைத் தூக்கிவிட அதில் கைகள் இல்லை.

கட்டாய விதிகள் வரும் வரை நாடுகளின் சொந்தச் சட்டமே வழி. ஆளில்லாமல் இயங்குவதற்கென வடிவமைக்கப்பட்ட, மின்கலத்தில் ஓடும் நார்வே சரக்குக் கப்பலான யாரா பிர்க்லாந்து 2022இல் ஹெரோயாவுக்கும் பிரெவிக்குக்கும் இடையே வணிகப் பயணத்தைத் தொடங்கியபோது அதில் மாலுமிகள் இருந்தனர். வழித்தடம் முழுவதும் நார்வேயின் நீர்ப்பரப்பிலேயே இருந்ததால், அந்நாட்டு அதிகாரிகளின் அனுமதி போதுமானதாக இருந்தது. எல்லை கடந்தால் நிலைமை வேறு. ஐ.நா. உடன்படிக்கையின் 21ஆவது பிரிவின்படி, கரையை ஒட்டிய தன் பிராந்தியக் கடல் வழியாகச் செல்லும் அயல்நாட்டுக் கப்பலில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று கரையோர நாடு தன்னிச்சையாக விதிக்க முடியாது. பொதுவாக ஏற்கப்பட்ட பன்னாட்டு விதிகளைச் செயல்படுத்த மட்டுமே அதனால் முடியும். அதே கப்பல் துறைமுகத்துக்குள் வர விரும்பினால், அனுமதிக்கான நிபந்தனைகளை வகுக்கும் உரிமை அந்த நாட்டுக்கு உண்டு. எனவே ஆளில்லாக் கப்பலை அயல்நாட்டுக்கு அனுப்ப நினைக்கும் நிறுவனம், கொடி நாட்டின் அனுமதியோடு நில்லாமல், சென்று சேரும் துறைமுக நாட்டின் இசைவையும் முன்கூட்டியே பெற வேண்டியிருக்கும்.