வண்டி ஆடுதா? பார்ட்ஸ் மாத்தறதுக்கு முன்னாடி கிளட்ச்ச மிதிச்சுப் பாருங்க

‘அண்ணா வண்டி ஆடுது, என்னன்னு பாருங்க’ன்னு மெக்கானிக் எங்ககிட்ட கார் சாவியக் குடுத்துட்டு ஆபீஸுக்குப் போயிடுவாங்க. எந்த ஸ்பீடுல ஆடுது, எந்த கியர்ல, ஆக்ஸிலேட்டர் குடுக்கறப்பவா விடறப்பவா, ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க. இப்படி வர்ற வண்டிக்கு முதல்ல வீல் பேலன்சிங், அதுல நிக்கலன்னா அலைன்மென்ட், அப்புறம் ரெண்டு டயர், அப்புறம் லோயர் ஆர்ம், கடைசில கிளட்ச் செட்டுன்னு வரிசையா மாத்திட்டே போவாங்க, பல ஆயிரம் போனதுக்கப்புறமும் ஆட்டம் அப்படியே இருக்கும்.

ஆனா மேனுவல் கியர் வண்டில, ஓடிட்டிருக்கறப்பவே என்ஜின் வேற வீல் வேறன்னு பிரிச்சுப் பாக்க இடது கால் பக்கத்துலயே ஒரு பெடல் இருக்கு. காசே இல்லாத டெஸ்ட், அத ஓனரே பண்ணிட்டு வந்து சொன்னா எங்க வேலைல பாதி முடிஞ்சுது.

காலி ரோடு, மட்டமா இருக்கணும், கூட ஒரு ஆள் இருந்தா நல்லது. 80ல ஆடுதுன்னு வைங்க. 80க்குக் கொண்டு போங்க, ஆட்டம் ஆரம்பிச்சதும் ஆக்ஸிலேட்டர விட்டுட்டு கிளட்ச்ச முழுசா மிதிங்க. என்ஜின் ஐடிலுக்கு வந்துடும், வண்டி மட்டும் ஓடும். அப்பவும் அதே மாதிரி ஆடுச்சுன்னா டயர், ரிம், ஹப் பேரிங், பின் வீல் டிரைவ்னா ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்லருந்து பின்னாடி வீலச் சுத்த விடற நீளமான தண்டு), இந்த ஏரியாதான், கிளட்ச் செட்டுக்கு யாரும் கொட்டேஷன் குடுத்தா வாங்காதீங்க. மிதிச்ச உடனே ஆட்டம் நின்னு போச்சுன்னா ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு என்ஜின் ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தன சுத்து) சம்பந்தப்பட்டது, இன்னொண்ணு இழுவை ஏறறப்ப மட்டும் வர்றது. அதப் பிரிக்க, அதே 80ல ஒரு கியர் இறக்கிப் பாருங்க, 5ல இருந்தா 4. ஸ்பீடு மாறல, ஆர்பிஎம் ஏறிடுச்சு. ஆட்டத்தோட வேகமும் கூடவே ஏறினாலோ, இல்ல இப்ப வேற ஸ்பீடுல வந்தாலோ அது என்ஜின் பக்கம், இல்லன்னா இழுவை பக்கம், அத அப்புறம் சொல்றேன். என்ஜின் பக்கம்னா வண்டிய நிறுத்தி நியூட்ரல்ல அதே ஆர்பிஎம் குடுத்தாலும் வரும். அங்கயே நின்னு கிளட்ச்ச மிதிச்சுட்டு மறுபடி ரேஸ் பண்ணுங்க, மிதிச்சா குறையுதுன்னா கிளட்ச் பிளேட், கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பக்கம் பாக்கணும், மிதிச்சாலும் குறையலன்னா மவுன்ட் (என்ஜினத் தாங்கற ரப்பர்), பிளைவீல் (என்ஜின் முனைல சுத்தற கனமான சக்கரம்), பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்ட அழுத்திப் புடிக்கறது), இல்ல என்ஜினே ஒரு சிலிண்டர் சரியா அடிக்கலன்னு அர்த்தம். பிரஷர் பிளேட் பிளைவீலோட போல்ட் போட்டிருக்கறதால கிளட்ச் மிதிச்சாலும் அது சுத்திட்டேதான் இருக்கும்.

(இந்த டெஸ்ட்ட மலை எறக்கத்துல பண்ணிடாதீங்க சாமி. எறக்கத்துல கிளட்ச் மிதிச்சா என்ஜின் பிரேக்கிங், அதாவது என்ஜின் வண்டிய இழுத்துப் புடிக்கறது போச்சு.)

ஆட்டம் என்ன மாதிரி வருதுங்கறதும் முக்கியம். சின்ன கார் டயர் ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட 2 மீட்டர் போகும், 80ல வண்டி செகண்டுக்கு 22 மீட்டர், ஆக டயர் செகண்டுக்கு 11 சுத்து. அது கைல தடதடன்னு எண்ணற மாதிரி தெரியும். ஸ்டீரிங்ல தெரிஞ்சா பெரும்பாலும் முன் வீல், சீட்டுல தெரிஞ்சா பின் வீல். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் டயர விட ஏறக்குறைய 4 மடங்கு வேகமா சுத்தும், அதனால அது தடதடன்னு வராது, சீட்டுக்கு அடில ஒரு ரீங்காரம் மாதிரி வரும். என்ஜின் 2500 ஆர்பிஎம்னாலும் செகண்டுக்கு சுமார் 42 சுத்துதான், அதனால என்ஜினும் ஷாஃப்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேக்கும், இங்கதான் நிறைய பேர் ஏமாறறது. இன்னும் சொன்னா நிறைய பழைய பின் வீல் டிரைவ் வண்டில 4வது கியர் நேர் கியர், அதாவது என்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகத்துல சுத்தும், 4லயே ஓட்டிட்டு என்னதான் காதுகுடுத்துக் கேட்டாலும் எதுன்னு கண்டுபிடிக்க முடியாது, கியர மாத்தியே ஆகணும்.

இழுவைல மட்டும் வர்ற ஆட்டத்துக்கு ஒரு கேஸ் சொல்றேன். ஒரு ஹாட்ச்பேக், முன் வீல் டிரைவ், வேற இடத்துல ரெண்டு தடவ பேலன்சிங் பண்ணி டயரும் மாத்தியாச்சு. 60லருந்து 90க்குள்ள நல்லா அழுத்தினா முன்பக்கம் இடம் வலமா உதறும், கால எடுத்தா சுத்தமா நின்னுடும். அதுலயும் 4 பேரு ஏறி மேட்டுல போறப்ப தான் ஜாஸ்தி. டயர் கெட்டுப் போனா கால எடுத்தாலும் ஆடத்தான செய்யும்? டிரைவ் ஷாஃப்ட்ட (கியர்பாக்ஸ்லருந்து முன் வீலுக்குப் போற தண்டு) கழட்டி கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயின்ட்ட கிரீஸ் துடைச்சுப் பாத்தா, 3 ரோலர் ஓடற 3 பள்ளத்துலயும் ஒரே இடத்துல குழி, நகத்த வெச்சு இழுத்தா மாட்டுது. 3 ரோலர்ங்கறதால ஒரு சுத்துக்கு 3 தடவ ஷாஃப்ட்ட பக்கவாட்டுல தள்ளும், அதான் அந்த உதறல். வீல் பக்கத்து ஜாயின்ட் போனா இப்படி வராது, ஸ்டீரிங்க முழுசா ஒடிச்சுத் திருப்பறப்ப டக்டக்னு சத்தம் வரும். ரிம்முக்கு உள்பக்கம் கிரீஸ் தெறிச்சிருந்தா ஜாயின்ட்ட மூடியிருக்கற ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கு, அப்பவே மாத்துனா வெறும் பூட் செலவு, மண்ணு உள்ள போக விட்டா ஷாஃப்ட் செலவு.

பொலிரோ, சுமோ, ஈகோ மாதிரி பின் வீல் டிரைவ்ல முதல்ல படுத்துப் பாக்க வேண்டியது கிராஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் முனைல இருக்கற சிலுவை மாதிரி ஜாயின்ட். மூடியச் சுத்தி செவப்பா துருப் பொடி இருந்தா உள்ள நீடில் பேரிங் காஞ்சு போச்சு. முதல் கியர்லருந்து ரிவர்ஸ் போடறப்ப டங்னு ஒரு அடி கேக்கும். இத தள்ளிப் போடாதீங்க, கிராஸ் உடைஞ்சு ஓட்டத்துல ஷாஃப்ட் கீழ விழுந்தா உயிருக்கே ஆபத்து. ஷாஃப்ட்டக் கழட்டறப்ப ரெண்டு பக்கமும் பெயின்ட்ல மார்க் போடச் சொல்லுங்க. ஷாஃப்ட் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஏறற பல்லு, அதாவது ஸ்ப்லைன், ஒரு பல்லு மாறி ஏறினா கிராஸப் புடிச்சிருக்கற ரெண்டு முனை போர்க்கும் நேருக்கு நேர் நிக்காது, அதுவரைக்கும் நல்லா ஓடுன வண்டி அன்னைலருந்து ஆட ஆரம்பிக்கும்.

வண்டி எடுக்கறப்ப மட்டும் உதறுதுன்னா அது வேற கதை. எங்க பக்கம் காரவள்ளிலருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் ஹாஃப் கிளட்ச்லயே தொங்கிட்டு ஏறிட்டு வருவாங்க. பிளைவீல் சூடேறி அங்கங்க நீலமா தழும்பு விழுந்துடும், முதல் கியர்லயும் ரிவர்ஸ்லயும் வண்டி குதிரையாட்டம் துள்ளும். கிராங்க் ஆயில் சீல் ஒழுகி பிளேட்டுல ஆயில் பட்டாலும் இதே துள்ளல்தான். ஆனா கியர்பாக்ஸ இறக்கறதுக்கு முன்னாடி மவுன்ட்டப் பாக்கணும். பானட்டத் திறந்து, ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்து, ஒருத்தர் புட் பிரேக்கயும் மிதிச்சுட்டு முதல் கியர்லயும் ரிவர்ஸ்லயும் லேசா கிளட்ச் விடணும், நீங்க பக்கவாட்டுல நின்னு பாருங்க, வண்டிக்கு நேர் எதிர்ல நிக்கக் கூடாது. என்ஜின் அளவுக்கு மீறி எகிறுதுன்னா மவுன்ட் ரப்பர் கிழிஞ்சிருக்கும், அது கிளட்ச் செட்ட விட எவ்வளவோ கம்மி.

5வது கியர்ல 35ல போயிட்டு வைப்ரேஷன்னு வர்றவங்களும் இருக்காங்க, அதுக்கு கியர இறக்குனா போதும், பில்லு கிடையாது. மழைல மண் ரோட்டுல போயிட்டு வந்த அடுத்த நாள் ஆடுனா ரிம்முக்கு உள்ள ஒட்டியிருக்கற சேத்தக் கழுவிட்டுப் பேசுங்க. பிரேக் போட்டா மட்டும் ஆடுதுன்னா டிஸ்க். டயர் பஞ்சர் போட்டு மாட்டுனதுக்கப்புறம் ஆட ஆரம்பிச்சா வேற எதையும் யோசிக்காதீங்க, அங்கயே ஓரமா நிறுத்தி வீல் நட்ட முறுக்குங்க.

கிளட்ச் வேலை குடுத்தீங்கன்னா பிளைவீல லேத்துல ஃபேசிங் பண்ணுவீங்களா (மேல்பரப்பச் சீவி சமமாக்கறது), ஆயில் சீல் மாத்துவீங்களான்னு முன்னாடியே கேளுங்க, கியர்பாக்ஸ் எறக்கியிருக்கறப்ப சீல் செலவு சின்னது, அப்புறம் அதுக்குன்னு தனியா எறக்குனா லேபர் மறுபடி முழுசா. பழைய பிளேட்ட கைல வாங்கிப் பாருங்க, தேய்மானமே இல்லாம ஆயில் கறையும் இல்லாம இருந்தா, எதுக்கு மாத்துனீங்கன்னு கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல.