டிஸ்க்கில் பழுதில்லை

சென்ற ஆண்டு ஒரு பேராசிரியர் ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவருடைய பழைய கட்டுரை ஒன்றைப் படித்த வேறொரு குழு, அதன் மூலத் தரவைக் கேட்டிருந்தது. டிஸ்க்கில் பழுதில்லை. எல்லாக் கோப்புகளும் திறந்தன. ‘இறுதி’, ‘இறுதி_புதியது’, ‘இறுதி_இதுதான்’ என்று மூன்று அட்டவணைகள். மூன்றிலும் எண்கள் வேறு வேறு. ‘டி2பி’ என்ற நெடுவரிசை எதைக் குறிக்கிறது? இடையிடையே வரும் -99 அளவீடா, அளவு எடுக்கவில்லை என்பதற்கான குறியா? விடை தெரிந்தவர் ஆய்வு மாணவி ஒருவர்தான். அவர் பட்டம் வாங்கிப் போய் 6 ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் கொடுத்திருந்த மின்னஞ்சலையும் நாங்களே முடக்கிவிட்டோம்.

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வுத் தரவைக் கவனிப்பது என் வேலை. தரவு தொலைவது என்றால் பலருக்கும் தீ, வைரஸ், சர்வர் கோளாறு என்றுதான் தோன்றும். அவையும் நடக்கின்றன. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில், பேக்கப் பணிக்கான நிரலில் நேர்ந்த பிழையால் 77 டெராபைட் தரவு அழிந்தது. சுமார் 3.4 கோடி கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். இரண்டு நாளில் போனதால் அது செய்தியானது. நான் பார்க்கும் இழப்புகள் பெரும்பாலும் பிரிவுபசார விழா முடிந்த கையோடு, சத்தமில்லாமல் நடக்கின்றன. நூலகப் புத்தகம் ஒன்று பாக்கி இருந்தாலும், படிப்பு முடித்துப் போகிறவரின் விடுவிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டோம். தரவு எங்கே என்று கேட்க அதில் ஒரு வரிகூட இல்லை.

1991 முதல் 2011 வரை வெளியான 516 உயிரியல் கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் தரவு கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல் வந்தது. தரவு இருக்கிறதா இல்லையா என்று தெரியவந்த கட்டுரைகளில், வயது ஓர் ஆண்டு கூடக்கூட, தரவு எஞ்சியிருக்கும் வாய்ப்பு விகிதம் 17 விழுக்காடு வீதம் சரிந்தது.

“தரவு ஆய்வாளருடையது, அவரே பார்த்துக்கொள்ளட்டும்” என்று கூட்டங்களில் சொல்வார்கள். பிரிட்டனின் பொறியியல், இயற்பியல் ஆய்வுகளுக்கு நிதி தரும் மன்றத்தின் எதிர்பார்ப்பைப் பாருங்கள்: வெளியார் ஒருவர் தரவைக் கடைசியாகக் கேட்ட நாளிலிருந்து 10 ஆண்டுகள் காக்க வேண்டும். யாராவது கேட்கும்போதெல்லாம் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர் இதற்கு எப்படிப் பொறுப்பேற்பார்? அதனால்தான் அந்த மன்றம் இதை நிறுவனத்திடமே கேட்கிறது. பணமும் அப்படித்தான். 2023 ஜனவரி முதல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் நிதி விண்ணப்பத்தோடு தரவு மேலாண்மைத் திட்டத்தையும் கேட்கின்றன. அதற்கான செலவையும் பட்ஜெட்டில் சேர்க்கலாம். ஆனால் திட்டக்காலம் முடிந்த பிறகு வட்டு மாற்றவும் ஆளுக்குச் சம்பளம் தரவும் பல்கலைக்கழகம்தான் இருக்கிறது.

“பேக்கப் எடுக்கிறோமே” என்பது கணினிப் பிரிவின் பதில். பேக்கப் வேறு, பாதுகாப்பு வேறு. பகலில் நீங்கள் செய்த தவறை இரவில் பேக்கப் அப்படியே படியெடுத்துக்கொள்ளும். பாதுகாப்பு என்றால் பிரதிகள் வேறு வேறு இடங்களில் இருக்க வேண்டும்; கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) போட்டு அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்; நெடுவரிசைகளின் பொருளை விளக்கும் குறிப்பு கூடவே இருக்க வேண்டும். கோப்பு வடிவமும் முக்கியம். ‘மார்ச்1’ என்ற மரபணுப் பெயரை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்த மரபணுவின் பெயரையே மாற்றிவிட்டது. மென்பொருளோடு மல்லுக்கட்டுவதைவிட அதுதான் எளிது போலும்!

எல்லாவற்றையும் காக்கத் தேவையில்லை. மறுபடி ஓட்டிப் பெறக்கூடிய கணிப்பொறி உருவகப்படுத்தலின் (சிமுலேஷன்) வெளியீடுகளை விட்டுவிட்டு நிரலையும் உள்ளீட்டையும் வைத்தால் போதும். நோயாளிகளின் தகவலைக் காக்க வேண்டும், ஆனால் திறந்துவிடக் கூடாது. எதை வைப்பது, எதை விடுவது என்று ஆய்வாளரோடு உட்கார்ந்து முடிவு செய்ய ஓர் ஆள் வேண்டும். பெரிய சர்வர் வாங்கும் பல்கலைக்கழகங்கள் இந்த ஆளைத்தான் நியமிப்பதில்லை.

விடுவிப்புப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. அந்த மாணவியை இரண்டு வாரம் தேடி, சக ஆசிரியர் ஒருவர் வழியாகக் கண்டுபிடித்தோம். -99 என்றால் அன்று கருவி ஓடவில்லை என்று உடனே சொன்னார். சரியான அட்டவணை நடுவில் இருந்தது. ‘டி2பி’ அவருக்கும் நினைவில்லை.