மறதி நோயாளி பல்லைக் கடித்தால், பல்லின் மேல் மாட்டும் காப்பு உறை (கார்டு) செய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

மறதி நோய் வந்த பெரியவர் பகலெல்லாம் பல்லை நறநறவென்று கடிப்பதைப் பார்த்து, "வயிற்றில் பூச்சி இருக்கும் டாக்டர்" என்று பூச்சி மாத்திரையும் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். என் சந்தேகம் முதலில் வலி மேல்தான் போகும். சொத்தை, உடைந்த பல் முனை, ஈறில் குத்தும் பல்செட் என்று எது இருந்தாலும் இங்கே வலிக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. சாப்பாட்டைத் தள்ளிவிடுவார், பல் துலக்க வந்தால் கையைத் தட்டிவிடுவார், அவ்வளவுதான். அப்புறம் மாத்திரைகள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின், ஃப்ளுவாக்சடின் போன்றவை சிலருக்குப் பல் கடிப்பைக் கிளப்பிவிடும். மருந்துச் சீட்டுகளை எடுத்து வாருங்கள், ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

சரி, கார்டு செய்யப் பற்களை அளவெடுக்க வேண்டுமே, அதற்காக வாய்க்குள் விட்டுப் பற்களைக் கணினியில் படமாகப் பதியும் ஸ்கேனருக்கு வருவோம். பழைய முறையில் அளவெடுக்க, குழைத்த ஆல்ஜினேட் என்ற அச்செடுக்கும் பசையைத் தட்டில் நிரப்பி வாயில் வைத்து, அது இறுகும்வரை பிடித்திருக்க வேண்டும். எதற்கென்று புரியாதவருக்கு யாரோ வாயை அடைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். குமட்டுவார், கடித்துவிட்டால் துண்டு தொண்டைக்குள் போகவும் கூடும். ஸ்கேனரின் பெருமை துல்லியம் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். என்னைக் கேட்டால், நினைத்த நேரத்தில் நிறுத்தலாம் என்பதுதான்: அவர் முகத்தைத் திருப்பினால் வெளியே எடுத்துவிட்டு, மகள் கொஞ்சம் பேச்சுக் கொடுத்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கார்டை டிஷ்யூவில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டாலும் (அடிக்கடி நடப்பதுதான்), பற்கள் மாறாமல் இருந்தால் கணினியில் இருக்கும் அதே கோப்பிலிருந்து இன்னொன்று செய்துவிடலாம். சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனைப் பழையதன் மேல் பொருத்தினால் எந்தப் பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

கார்டு கடிப்பதை நிறுத்தாது, பல்லைத்தான் காக்கும். இவர்களுக்கு நான் கொடுப்பது வரிசை முழுவதையும் மூடும் கடினமான வகை. மெத்தென்றிருப்பதைச் சிலர் மென்று பிய்த்துவிடுவார்கள், முன்பல்லில் மட்டும் மாட்டும் சின்னதை விழுங்கிவிடலாம். கார்டு செய்யும் சாதாரண அக்ரிலிக் பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது என்பதால் அப்புறம் தேடுவதும் பெரும்பாடு.

விழுங்கச் சிரமப்படுகிறவர், தானாகக் கழற்றத் தெரியாதவர், பக்கத்தில் ஆள் இல்லாமல் தூங்குகிறவர் என்றால், "மெஷின்தான் இருக்கிறதே டாக்டர், செய்து கொடுங்கள்" என்று மகன் எவ்வளவு கேட்டாலும் கார்டு செய்து தருவதில்லை. கூரான முனைகளை மட்டும் மழுக்கி, ஃப்ளோரைடு வார்னிஷ் தடவி, அடுத்த செக்கப்புக்கு வரச் சொல்கிறேன்.