விநாடிக்கு 92 லட்சம் அளவுகள்

டெப்த் கேமராவில் நான் முதன்முதலில் எடுத்த வீடியோ முழுக்கக் கறுப்பாக இருந்தது. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன், வேறு போர்ட்டில் மாட்டினேன், கணினியையே ஒருமுறை அணைத்துப் போட்டேன். ம்ஹூம். கடைசியில் வேறு வழி தெரியாமல், படத்தின் நட்டநடுவில் இருக்கும் பிக்சலின் மதிப்பை மட்டும் திரையில் அச்சிடச் சொன்னேன். 1183 என்று வந்தது. எதிரே ஒரு நாற்காலி இருந்தது, ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் தள்ளி. கேமரா முதலிலிருந்தே ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. நான்தான் அது தந்ததைப் படமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாதாரணக் கேமராவின் பிக்சல், தன்மீது எவ்வளவு ஒளி விழுந்தது என்று சொல்கிறது. டெப்த் கேமராவின் பிக்சல், தனக்கு நேர் எதிரே இருக்கும் பொருள் எத்தனை மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. பெரும்பாலும் அது 16 பிட் எண். அதாவது 0 முதல் 65,535 வரை. இந்த அளவுகோலில் 1183 என்பது இரண்டு சதவீதம்கூட இல்லை. அதை அப்படியே வெளிச்சமாக மாற்றிக் காட்டினால் கறுப்பாகத்தான் தெரியும். 640க்கு 480 என்ற அளவில் ஒரு ஃபிரேமுக்கு 3,07,200 பிக்சல்கள். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் சுமார் 92 லட்சம் தூர அளவுகள். இவ்வளவு அளவுநாடாக்களை ஒரே நேரத்தில் நீட்டிப் பிடிப்பது எப்படி?

இந்த வித்தையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட். 2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360க்கான விளையாட்டுக் கருவியாக வந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்க இறைத்து, அந்தப் புள்ளிக்கோலம் எங்கே எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டது. ஆனால் அப்போது கணினியில் அதை இயக்க வழி இல்லை. கினெக்டைக் கணினியோடு பேசவைக்கும் திறந்த மூல டிரைவர் எழுதுபவருக்குப் பரிசு என்று அடாஃப்ரூட் என்ற மின்னணுச் சாமான் நிறுவனம் அறிவித்தது. அந்த மாதமே ஹெக்டர் மார்ட்டின் என்ற நிரலாளர் எழுதி முடித்துவிட்டார். விளையாட்டுச் சாமான் ஆய்வகங்களுக்குள் நுழைந்தது அதற்கப்புறம்தான்.

2013இல் வந்த இரண்டாவது கினெக்ட் வேறு வழியில் போனது: ஒளியை அனுப்பி, அது மோதித் திரும்ப எடுக்கும் நேரத்தை அளப்பது. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு ஒளி போய்வர ஆகும் நேரம் ஏழு பிக்கோ விநாடிக்கும் குறைவு. அதை நேரடியாக அளப்பது பெரும்பாடு என்பதால், வேகமாக ஏறி இறங்கும் ஒளியை அனுப்பி, திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

மூன்றாவது வழி நம் கண்களின் வழி. கட்டைவிரலை முகத்துக்கு முன் நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடமும் வலமும் தாவும். விரலைத் தள்ளிக்கொண்டு போனால் தாவல் குறையும். இன்டெல் உருவாக்கிய ரியல்சென்ஸ் டி435 போன்ற கேமராக்களில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு அகச்சிவப்பு லென்ஸ்கள் இருக்கின்றன. ஒரு பொருள் இரண்டு படங்களிலும் எத்தனை பிக்சல் தள்ளி விழுகிறது என்பதிலிருந்து தூரம் கிடைக்கிறது. வெறும் சுவரில் எந்த இடத்தை எதனோடு பொருத்துவது? அதற்காகத்தான் நடுவில் ஒரு புரொஜெக்டர், சுவரில் புள்ளிகளைத் தூவுகிறது.

இந்த முறைக்கு ஒரு குணம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் நிரல் எழுதினால் அவதிதான். லென்ஸின் குவியத்தூரம் 640 பிக்சலுக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டரில் இருக்கும் பொருள் 32 பிக்சல் தாவும். இரண்டு மீட்டரில் 16. நான்கு மீட்டரில் 8. தாவலைக் கணிப்பதில் பத்தில் ஒரு பிக்சல் பிசகினால் ஒரு மீட்டரில் பிழை சுமார் 3 மில்லிமீட்டர்தான். நான்கு மீட்டரில் அதே பிசகு 5 சென்டிமீட்டர் ஆகிவிடும். தூரம் நான்கு மடங்கு, பிழை பதினாறு மடங்கு. தூரத்துச் சுவர் வீடியோவில் ஏன் கொதிக்கும் தண்ணீர்போல் நெளிகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சரி, நிரலுக்கு வருவோம். ரியல்சென்ஸுக்குப் பைத்தான் நிரல்மொழியிலேயே நூலகம் (தயார் நிரல்களின் தொகுப்பு) இருக்கிறது. பதிவுசெய்யும் நிரல் முப்பது வரிக்குள் அடங்கிவிடும். கேமரா அனுப்பும் படத்தொடர்களில், அதாவது ஓடைகளில், எவை வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும்: ஆழத்துக்கு (தூர அளவுகளுக்கு) 16 பிட், வண்ணத்துக்கு 8 பிட்டாக மூன்று நிறங்கள், இரண்டும் 640க்கு 480, விநாடிக்கு 30. பிறகு கேமராவை ஓடவிட்டு, ஒரு சுற்றுக்குள் நின்று ஒவ்வொரு முறையும் ஃபிரேம் ஜோடிக்காகக் காத்திருந்து, வந்ததை ‘நம்பை’ என்ற பைத்தான் நூலகத்தின் எண் அணியாக மாற்றிச் சேமிக்க வேண்டும். முதல் 30 ஃபிரேம்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கேமரா வெளிச்சத்துக்குப் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும். வண்ணப் படத்தில் ஆளின் முகம் நீலமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி நூலகம் நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் எதிர்பார்க்கிறது, நீங்கள் தலைகீழாகக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதுவரை சுலபம். வண்ணப் படத்தில் கோப்பையின் விளிம்பு இருக்கும் பிக்சலை எடுத்து, ஆழப் படத்தில் அதே கிடைவரிசை, அதே நெடுவரிசையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். கோப்பைக்குப் பின்னால் இருக்கும் சுவரின் தூரம் வரும். வண்ண லென்ஸ் வேறு இடத்தில் இருக்கிறது, அதன் பார்வை அகலமும் வேறு. இரண்டையும் பொருத்த ஒவ்வொரு ஆழப் பிக்சலும் ஒரு சிறு பயணம் போகிறது: அதன் எண்ணை வைத்து முப்பரிமாணத்தில் ஒரு புள்ளியாக்கி, அந்தப் புள்ளியை வண்ண லென்ஸின் இடத்திலிருந்து பார்ப்பதுபோல் நகர்த்தித் திருப்பி, மறுபடி வண்ணப் படத்தின் மீது வீழ்த்த வேண்டும். இதற்கு வேண்டிய எண்கள் தொழிற்சாலையிலேயே அளக்கப்பட்டுக் கேமராவுக்குள் இருக்கின்றன. நூலகத்தில் ‘அலைன்’ என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். ஆனால் பயணம் முடிந்ததும் கோப்பையின் ஓரமாகக் கறுப்பு நிழல் ஒன்று விழும். அது வண்ண லென்ஸுக்குத் தெரிகிற, ஆழ லென்ஸுக்குத் தெரியாத இடம்.

அந்தக் கறுப்பு என்பது பூஜ்ஜியம். டெப்த் கேமராவில் பூஜ்ஜியம் என்றால் ‘தெரியவில்லை’ என்று பொருள், ‘தூரமே இல்லை’ என்று அல்ல. கண்ணாடி, பளபளக்கும் உலோகம், ஒளியை விழுங்கும் கருந்துணி, மிக அருகில் வந்துவிட்ட கை எல்லாமே பூஜ்ஜியம் தரக்கூடும். தெரியாமல் சராசரி எடுத்தால் என்ன ஆகும்? 1000, 0 என்ற இரண்டு பிக்சல்களின் சராசரி 500. அரை மீட்டரில் ஒரு பேய் நிற்கும். படத்தைச் சிறிதாக்கும் சாதாரணக் கட்டளையும் உள்ளுக்குள் இதே சராசரியைத்தான் எடுக்கிறது. ஆகவே ஆழப் படத்தைச் சுருக்கும்போது பக்கத்துப் பிக்சலை அப்படியே எடுத்துக்கொள்ளும் முறையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

சேமிப்பில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். வண்ணத்துக்கு விநாடிக்குச் சுமார் 27.6 மெகாபைட், ஆழத்துக்கு 18.4; சேர்த்தால் 46. ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.8 கிகாபைட். பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் ஃபிரேம்கள் வராமல் தவிப்பதற்குக் காரணம் இதுதான். சுருக்கத்தான் வேண்டும். வண்ணத்தை எம்பி4 ஆக்குங்கள், தப்பில்லை. ஆழத்தை ஆக்கினால் போச்சு. அந்தச் சுருக்கம் மனிதக் கண்ணை ஏமாற்றுவதற்காக உருவானது; கூர்மையான விளிம்புகளைக் கொஞ்சம் மழுங்கடித்தால் கண் கண்டுகொள்ளாது. ஒரு மீட்டரில் ஆள், மூன்று மீட்டரில் சுவர் என்றால், மழுங்கிய விளிம்பு இரண்டு மீட்டரில் அந்தரத்தில் மிதக்கும்.

நானும் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்து பார்த்தேன். 16 பிட் எண்ணை மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு 8 பிட்டாகப் பிரித்து, இரண்டு நிறங்களில் ஒளித்து எம்பி4 ஆக்கினேன். 1023 என்பது 3, 255 என்று பிரியும்; 1024 என்பது 4, 0. ஒரு மில்லிமீட்டர் நகர்ந்ததற்குக் கீழ்ப் பாதி 255இலிருந்து 0க்குக் குதிக்கிறது. சுருக்கம் அந்த இடத்தைப் பூசி மெழுகியதும், வழவழப்பான தரை கால் மீட்டர் உயரப் படிக்கட்டுகளாகத் திரும்பி வந்தது. அப்புறம் பேசாமல் ஒவ்வொரு ஃபிரேமையும் 16 பிட் பிஎன்ஜி கோப்பாக வைக்க ஆரம்பித்தேன். ஒரு எண்கூட மாறாமல் சுருக்கும் எஃப்எஃப்வி1 போன்ற வீடியோ முறைகளும் உண்டு.

கூடவே ஒவ்வொரு ஃபிரேமின் நேர முத்திரையையும் எழுதி வையுங்கள். ஒரு ஃபிரேமுக்கு 33 மில்லி விநாடி. விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் வீசும் கை அதற்குள் 5 சென்டிமீட்டர் போய்விடும். ஜோடி ஒரு ஃபிரேம் மாறினால், கையின் நிறம் ஒரு பக்கமும் ஆழம் ஒரு பக்கமுமாக நிற்கும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த எளிய வழி, கேமராவை ஒரு சமமான சுவருக்கு நேராக நிறுத்தி, அளவுநாடாவால் சரியாக ஒரு மீட்டர் வைப்பது. நடுப் பிக்சல் 1000ஐ ஒட்டி வர வேண்டும். உணரி கண்ணாடிக்குச் சற்று உள்ளே இருப்பதால் சில மில்லிமீட்டர் கூடலாம். பிறகு மூலையைப் பாருங்கள். லென்ஸிலிருந்து சுவரின் மூலை நடுவைவிடத் தள்ளித்தான் இருக்கிறது, ஆனாலும் அங்கேயும் 1000தான் வரும். கேமரா தருவது லென்ஸிலிருந்து புள்ளிக்கு இழுத்த சாய்கோட்டின் நீளத்தை அல்ல, நேர் எதிரே எவ்வளவு தள்ளி என்பதை. ஒரு மூலையில் 990, எதிர் மூலையில் 1010 என்று வந்தால் கேமராவைச் சந்தேகிக்கும் முன் ஸ்டாண்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.